வெள்ளாற்றைத் தாண்டி, மெகருவின் வாயைப் படிக்க

எங்கள் மில்லுமேட்டில் இன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறியவர். துபாய், சிங்கப்பூர் என்று போய், விமானத்தில் கொடுத்த பன்னைக்கூடப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். நான் போனது கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை. வழியில் வெள்ளாறு ஒன்றைத் தாண்டினேன். "இதுல எழுத என்னாத்த இருக்குது?" என்று மருமகள் கேட்டாள். ஆயுசில் பாதியை மில் சங்கு கேட்கிற தூரத்துக்குள்ளேயே கழித்தவளுக்கு வெள்ளாறும் ஒரு கடல்தான் என்றேன். நான் எழுத்துக்கூட்டிப் பழகியது மில் வாசல் நோட்டீஸ் போர்டில். கை மெதுவாகத்தான் ஓடும். நீங்களும் மெதுவாகவே வாருங்கள்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெகருன்னிசாவும் நானும் ஒரே ஷிப்ட். நூற்கும் பகுதியில் எதிரெதிர் மிஷின். அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவது எங்கள் வேலை. மில் மூடிய பிறகு அவள் சொந்த ஊரான கிள்ளைக்குப் போனாள். அங்கே புருஷனும் காலமானார். போன மழைக்காலத்தில் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்குத் தன் பெயரைப் போட மட்டும்தான் தெரியும்.

அவள் மகன் யூசுப் போன் செய்தான்.

"பெரியம்மா, உம்மாவ நான் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறேன். தங்கச்சி பாத்திமா சிதம்பரத்துல தன்னோட வச்சுக்கிறேங்குது. ரெண்டு பேரும் கேட்டுப் பாத்தாச்சு. உம்மா ரெண்டு பேருக்கும் தலைய ஆட்டுறாங்க. வாயி என்னமோ சொல்லுது, எங்களுக்கு வெளங்கல. ஞாயித்துக்கெழம நான் கெளம்பணும். நீங்க வந்தா தேவல."

"வர்றேன். உங்க உம்மா வாய உன்ன விட ஜாஸ்தி படிச்சவ நான்" என்றேன்.

அது வீண் பேச்சில்லை. நூற்கிற மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. அதனால் மில்லுக்குள் நாங்கள் குரலை வீணாக்குவதில்லை. வாயை அகலமாகத் திறந்து, உதட்டை நன்றாக வளைத்து, சத்தமே இல்லாமல் பேசுவோம். கண்ணும் கையும் சேர்ந்துகொள்ளும். மேலுதட்டைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். முழங்கையைத் தட்டினால் டீ. தோளில் தட்டிக்கொண்டு மிஷினைக் காட்டினால், நான் போகிறேன், என் மிஷினைப் பார்த்துக்கொள். அப்படித்தான் கல்யாணம், பிரசவம், மாமியார் சண்டை எல்லாவற்றையும் பேசி முடித்தோம். மில் பேச்சு என்று அதற்குப் பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. மில் கட்டிக் கொடுத்த என் லைன் வீட்டோடு ஒட்டிய அறை ஒன்று காலியாகக் கிடந்தது. யூசுப் போனை வைத்ததும் ஆள் தேடாமல் நானே அதற்கு வெள்ளையடித்தேன். கட்டில் ஒன்று போட்டேன். மகன் வீடும் வேண்டாம், மகள் வீடும் வேண்டாம், என் பெயரைச் சொல்லி, நாயகி வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் மெகரு சொல்லிக்கொண்டிருப்பாள், அதுதான் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்பது என் கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் சுண்ணாம்பு வாளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

வெள்ளிக்கிழமை காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். பெரிய கண்ணாடி வைத்த பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் கண்டக்டர் முணுமுணுத்ததைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி, மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வாசனை போதும், டிக்கெட் காசு செரித்துவிட்டது.

"எந்த ஊரும்மா?" என்றாள்.

"மில்லுமேடு."

"அது எங்க இருக்குது?"

இதுதான் எனக்கு ஆகாது. எங்கள் ஊர் இருந்த இருப்பு அப்படி. முந்திரித் தோப்பாகக் கிடந்த செம்மண் மேட்டை வளைத்து ஒரு முதலாளி மில் கட்டினார். நெல்லிக்குப்பம் பக்கம், கம்மாபுரம் பக்கம், கிள்ளைக் கடலோரம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். லைன் வீடுகளைச் சாதி பார்த்துக் கொடுக்கவில்லை, மதம் பார்த்துக் கொடுக்கவில்லை. ஷிப்ட் பார்த்துக் கொடுத்தார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் எல்லோரும் ஒரே லைன். ஏன் என்றால் பகலில் அந்த லைன் முழுவதும் தூங்க வேண்டும். அந்தத் தெருவுக்குள் மீன்காரி கூவ மாட்டாள். கூடையை இறக்கி, கையால் மீன் நீளத்தைக் காட்டுவாள். உப்பு வண்டிக்காரர் மணியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். பிள்ளைகள் சண்டை போட்டால்கூடச் சத்தமில்லாமல் உருளும். வெளியூர் மாப்பிள்ளைகள் வந்து பார்த்து, இது என்ன ஊமை ஊரா என்று மிரண்டு போவார்கள். நடுப்பகலில் எங்கள் தெருவில் காக்கா கத்துவதுதான் பெரிய சத்தம்.

இதை எல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஆலப்பாக்கத்திலேயே தூங்கிவிட்டாள். நான் புதுச்சத்திரம் வரைக்கும் சொன்னேன்.

திடீரென்று பஸ் நின்றது. சுற்றிலும் வயலும் பாலமும்தான். "சிதம்பரம் எறங்கு" என்றான் கண்டக்டர்.

"சிதம்பரம் எங்கடா? கோபுரத்தக் காணோம்?"

"இது பைபாஸ் வண்டி ஆயா. ஊருக்குள்ள போவாது. ஏறுறப்பவே சொன்னேன்ல?"

"நீ உன் பாக்கெட்டுக்குச் சொன்னே. எனக்குச் சொன்னியா? அப்புறம், யாருடா ஆயா? உங்க ஆயா இப்புடித்தான் புடவை கட்டுமா?"

பஸ் முழுவதும் சிரித்தது. பலாப்பழக்காரி விழித்துக்கொண்டு, எனக்கு நான்கு சுளை கொடுத்து இறக்கிவிட்டாள். வெயில் தலையில் ஏறியது. ரோட்டோரம் சுளையைத் தின்றுகொண்டு நின்றேன். ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள், முன்னால் மீன் வியாபாரி ஒருவரும் அவர் பெண்சாதியும். "ஏறிக்க அத்த, ஊருக்குள்ளதான் போறோம்" என்றாள் அந்தப் பெண். ஆயாவிலிருந்து அத்தையாகிவிட்டேன். மீன் நாற்றம் புடவையில் ஏறினாலும் மனசு நிறைந்தது.

சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். நானும் வீட்டில் கொத்சு வைப்பேன். ஒப்புக்கொள்ள மனசில்லாவிட்டாலும் சொல்கிறேன், இது வேறு. கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, புளியை அடக்கி, நல்லெண்ணெய் மிதக்க விட்டிருந்தார்கள். இன்னும் ரெண்டு இட்லி வாங்கினேன். எதிரில் உட்கார்ந்த தீட்சிதர் வீட்டுப் பையன் போனைப் பார்த்துக்கொண்டே இட்லியைத் தண்ணீர் டம்ளரில் தொட்டுக்கொண்டான். கொத்சுக்கு மரியாதை தெரியவில்லை.

பாத்திமா வீடு ரயிலடிப் பக்கம். அவள் புருஷன் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ரெண்டு பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. படுக்கையில் கிடக்கிற மாமியார் வேறு. வீடு கொசகொசவென்று இருந்தாலும் பளிச்சென்று வைத்திருந்தாள். ராத்திரிக்குக் கொடுவா மீன் வறுவல். வறுத்தது அவள் புருஷன். பாத்திமா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கிள்ளையில் மீனோடு பிறந்த பெண்ணுக்கு டவுனுக்கு வந்ததும் மீன் நாறுகிறதோ என்று எனக்கு ஒரு கடுப்பு.

"பெரியம்மா, உம்மா இங்கதான் இருக்கணும்" என்றாள் சாப்பிட்டு முடித்ததும். "அண்ணன் வீடு ஆறாவது மாடி. அவரும் வேலைக்குப் போவாரு, அண்ணியும் வேலைக்குப் போவாங்க. பேச்சு வராத பொம்பள, பகலெல்லாம் செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கணுமா?"

"இங்க எங்க படுப்பாங்க?"

"நான் கீழ படுத்துக்கிறேன்."

சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. இந்தப் பெண் பொய்யாகக் கேட்கவில்லை. நான் என் வெள்ளையடித்த அறையை நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் பாத்திமாவும் நானும் கிள்ளைக்குப் போனோம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பிச்சாவரம் படகு பார்க்க வந்த கூட்டம் வேறு. தொப்பி போட்ட ஒருவர் தன் பெண்சாதியிடம், "காட்டுக்குள்ள தண்ணியா, தண்ணிக்குள்ள காடான்னு பாத்துட்டு வந்து சொல்றேன், நீ கரையிலேயே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப நான் எதுக்கு வந்தேன், உங்க செருப்பப் பாத்துக்கவா?" என்றாள் அந்த அம்மாள். அவள் எங்கள் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டியவள்.

மெகரு வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு துணி. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வாய் லேசாக அசைந்தது. நாயகி என்றாள் என்று நினைக்கிறேன். அது மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது.

யூசுப் பாயை விரித்து எங்களை எதிரெதிரே உட்கார வைத்தான். நல்ல பையன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துச் சம்பாதித்து சென்னையில் வீடு வாங்கியவன். நான் பெரிய மனுஷி தோரணையில், "டிவிய நிறுத்து. கதவச் சாத்து. சத்தம் ஆகாது" என்றேன். சாத்தினான். "பேனையும் நிறுத்து, கடகடங்குது." நிறுத்தினான். பாத்திமா அடுப்படியில் குக்கரைக்கூட இறக்கிவிட்டாள். வீடு எங்கள் நைட் ஷிப்ட் லைன் மாதிரி அடங்கிவிட்டது. நாலு பேரும் வேர்வையில் ஊறிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"மெகரு, சொல்லுடி. எங்க இருக்கணும்னு உனக்கு எண்ணம்?"

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். கழுத்துத் துணியைச் சரி செய்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து, உதட்டைக் கொஞ்சம் அசைத்தாள். ஜபம் சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் தெரியவில்லை. இன்னும் கிட்டே போனேன். மூச்சு வரும் வழியில் ஒரு சீறல், அது கேட்டதும் அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"என்னா சொல்றாங்க?" என்றான் யூசுப்.

"இருப்பா. ரொம்ப நாளாச்சு, வாயி பழகணும்ல."

மத்தியானம் வரை பழக்கிப் பார்த்தேன். அவளும் முயன்றாள். கடைசியில் அவளே சலித்துப்போய், நான் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். "சென்னை போறியா?" ஆட்டினாள். "சிதம்பரம்?" ஆட்டினாள். பிள்ளைகள் அடுப்படிப் பக்கம் போன நேரம் பார்த்து, "என் வீட்டுக்கு வர்றியா?" என்றேன். அதற்கும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு சந்தோஷப்படவும் முடியவில்லை.

சாப்பாட்டுக்கு இறால் தொக்கும் நெய்ச்சோறும். ருசி நாக்குக்கு ஏறவில்லை, ஆனால் விட்டுவைக்கவும் இல்லை. யூசுப், "பரவால்ல பெரியம்மா, நீங்க வந்ததே உம்மாவுக்கு சந்தோஷம்" என்றான். தோற்றுப்போன ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினான். எனக்குச் சுருக்கென்றது. படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் படித்த வாய், எனக்கு எப்படி மறந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை யூசுப்புக்கு இடியாப்பம் வேண்டும் என்று மெகரு முந்தின நாளே அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தியிருந்தாள். அதை அரைக்க நானும் அவளும் பாத்திமாவும் தெருக்கோடி மாவு மில்லுக்குப் போனோம். யூசுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவனுக்கு ரயில்.

மாவு மில் என்றால் தகரக் கொட்டகை. உள்ளே ரெண்டு மிஷின். தலையில் துண்டு கட்டிய மில்காரர் மிளகாயை முடித்து, கல்லைத் துடைத்து, எங்கள் அரிசியை மேலே கொட்டினார். சுவிட்சைப் போட்டார். பெல்ட் அடித்துக்கொண்டு சுற்றியது. தகரமெல்லாம் அதிர்ந்தது. வெள்ளைத் தூசி எழும்பிப் புருவத்தில் உட்கார்ந்தது. மாவு விழுகிற வாயருகே எவர்சில்வர் பேசினைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மிஷினுக்கு அந்தப் பக்கம் மெகரு.

அவள் மாவில் கையை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் அகலமாகத் திறந்தது.

"மாவு சுடுது. கல்ல லூசு பண்ணச் சொல்லு."

முழுசாகத் தெரிந்தது. அச்சடித்த மாதிரி. நான் மில்காரரிடம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். நானும் வாயைத் திறந்தேன், குரல் இல்லாமல்.

"அடி பாவி, நேத்தெல்லாம் உன் வாய்க்கு என்னா கேடு?"

"நீ கதவெல்லாம் சாத்திட்டு, ஜோசியக்காரி மாதிரி மூஞ்சிக்கிட்ட வந்து ஒக்காந்தா எவளுக்குப் பேச வரும்? எம்மாம் பெருத்துட்டே நீ!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில் பேச்சு நிசப்தத்தில் பேசிய பேச்சா? சத்தத்துக்குள் பிறந்தது, சத்தத்துக்குள் வளர்ந்தது. அமைதியான வீட்டில் எல்லோரும் அவள் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால், இல்லாத குரல்தான் அவளுக்கு நினைவு வரும். இந்தக் கொட்டகைக்குள் மில்காரருக்கும் குரல் கிடையாது, எனக்கும் கிடையாது. அவளுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

"சொல்லு. எங்க போறே?"

அவள் பக்கத்தில் நின்ற பாத்திமாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். மகள் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், வாசல் பக்கமாக நகர்ந்து மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடி.

"அவனோட போறேன்" என்றாள் மெகரு. "நான் நைட் ஷிப்ட் பாத்துப்பாத்து அவன் பழைய சோத்தத் தின்னே பள்ளிக்கொடம் போனான். பாத்திமா சின்னவ, அவளுக்கு மில்லு மூடுனப்பறம் ஆக்கிப் போட்டேன். அவனுக்கு ஒரு நாளும் காலையில சூடா போட்டதில்ல. கொஞ்ச நாளு போடணும்."

"அப்ப பாத்திமாவுக்கு ஏன் தலையாட்டுனே?"

"தலைய ஆட்டுனா ஆமான்னுதான் சொல்ல முடியும். ஏன்னு சொல்ல முடியுமா? ஆட்டலன்னா அழுவுறா. அவளப் பாரு. உண்டாயிருக்கா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. பெரியவ பத்தாவது படிக்கிறான்னு வெக்கம். மாமியாரு ஒரு கட்டில்ல. நான் ஒரு கட்டில்ல படுத்தா அவ எங்க படுப்பா, வயித்துப்பிள்ளையோட?"

பேசினிலிருந்து மாவு வழிந்தது. நான் கவனிக்கவில்லை. மில்காரர் என் கையைத் தட்டினார்.

ஒன்று மட்டும் பாக்கி. கேட்காமல் வந்திருந்தால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தூக்கம் வராது. "நம்ம லைன்ல ஒரு ரூமு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

மெகருவின் முகம் முழுவதும் சிரித்தது. "தெரியும்டி. உன் நகக்கண்ணுல சுண்ணாம்பு இருக்குது. நோம்புப் பெருநாளைக்கு வர்றேன். நெதமும் இருந்தா நீ பேசியே என்னக் கொன்னுபுடுவே." பிறகு தோளில் தட்டிக்கொண்டாள். கையை நீட்டி, வாசலில் நின்ற மகளைக் காட்டினாள்.

நான் போகிறேன், என் மிஷினைப் பார்த்துக்கொள்.

மில்காரர் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றதும் மெகரு வாயை மூடிக்கொண்டாள். கழுத்துத் துணியைச் சரி செய்தாள்.

"என்னா பெரியம்மா பேசிக்கிட்டீங்க? உம்மா என்ன சொன்னாங்க?" என்று பாத்திமா ஓடி வந்தாள்.

அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் செல்லும். அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் என் வாயைத் தவிர வேறு வழி இல்லை. மில்லுமேட்டு அறையும் கட்டிலும் ஒரு கணம் கண்ணில் வந்து நின்றன. மெகரு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். நான் என்ன நினைப்பேன் என்பதும் தெரியும். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"அண்ணனோட போறாங்களாம்" என்றேன்.

பாத்திமா முகம் சிவந்தது. "நீங்களா சொல்லிக்கிறீங்களா? அண்ணன் உங்களுக்கு போன் பண்ணுச்சு, அதனால அது பக்கம் பேசுறீங்களா? உம்மா என்னத்த சொன்னாங்க, வாய வாய அசைச்சாங்க."

நான் அவள் காதருகே போய் மெதுவாக, "பெரியவ பத்தாவது படிச்சா என்னா, வெக்கப்பட என்னா இருக்குது? மூணாவதும் நல்லபடியா பொறக்கட்டும்" என்றேன்.

பாத்திமா கை தானாக வயிற்றுக்குப் போனது. முகத்திலிருந்து கோபம் வழிந்து போய்விட்டது. "இது... இவுங்களுக்கு எப்புடி... அவருக்கே நான் இன்னும் சொல்லல" என்றாள். அம்மாவைப் பார்த்தாள். மெகரு மாவுக் கையால் மகள் மூக்கைப் பிடித்து, மீன் நாற்றம் என்பது போல் முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பாத்திமா சிரித்தாள், அழுதாள், மாவு மில் வாசலிலேயே அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மில்காரர் எங்களுக்கு அரவைக் கூலி சொல்லவே தயங்கினார்.

வீட்டில் இடியாப்பம் பிழிந்தோம். தேங்காய்ப்பால், சர்க்கரை, பக்கத்தில் முட்டைக் குழம்பு. சூடாகத் தட்டில் விழுந்ததை யூசுப் குனிந்து தின்றான். அம்மா சொன்ன காரணத்தை நான் சொன்னதும் பிய்த்த இடியாப்பத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான். "பழைய சோறுதான் எனக்குப் புடிக்கும்னு இவுங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்" என்றான். மெகரு அவன் தலையில் கரண்டிக் காம்பால் ஒன்று போட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அம்மாவும் மகனும் ரயில் ஏற, எல்லோரும் சிதம்பரம் வந்தோம். ரயிலுக்கு நேரம் இருந்தது, முதலில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார்கள். இந்த முறை கண்டக்டரை ரெண்டு தடவை கேட்டேன். "ஊருக்குள்ளதாம்மா போவும், சத்தியமா" என்றான். பாத்திமா எனக்குப் பேன்சி ஸ்டோரிலிருந்து ஒரு வளையல் கட்டு கொடுத்தாள். பிரசவத்துக்கு நான் வந்து இருப்பதாகச் சொன்னேன். "நெசமா வருவீங்களா?" என்றாள். என் மிஷின் அது, வராமல் எப்படி?

பஸ் கிளம்புகிற நேரம். நாலு பக்கமும் ஹாரன், டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார், பூக்காரி கூவுகிறாள், கடலை விற்கிறவன் தட்டுகிறான். அந்தச் சத்தத்துக்கு அப்பால், டீக்கடை ஓரம் நின்ற மெகரு வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாக நானும் திறந்தேன். ஆறாவது மாடியில் லிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வாய், மருமகளிடம் வாயை அடக்கிக்கொள் என்று நான்; அடக்க என்ன இருக்குது, நோம்புப் பெருநாளைக்குக் கோழிதான் வேண்டும் என்று அவள். பஸ் திரும்புகிற வரைக்கும் பேசினோம். பின்சீட்டுப் பிள்ளை ஒன்று, "அம்மா, அந்தப் பாட்டிங்க ரெண்டும் சத்தமில்லாம சண்ட போடுறாங்க" என்றது.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. மெகரு சென்னையில் இருக்கிறாள். யூசுப் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, படம் தெரிகிற மாதிரி பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறான். முதல் நாள் அவள் அழைத்தபோது வீடு நிசப்தமாக இருந்தது, அவள் வாய் பழையபடி ஒட்டிக்கொண்டது. நான் எழுந்துபோய்க் கிரைண்டரைப் போட்டேன். அந்தப் பக்கம் அவள் தலையை ஆட்டிவிட்டு, எழுந்துபோய் மிக்சியை ஓட்டினாள்.

இப்போது சாயங்காலம் ஆனால் அதுதான் வழக்கம். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுக் கிரைண்டரைத் தட்டிவிடுகிறேன். "அத்த, உள்ள ஒண்ணுமே இல்லாம கல்லு ஓடுது, கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று மருமகள் கத்துகிறாள்.

எனக்குக் காதில் விழுவதில்லை. அவள் சொல்வதை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.